கவனம் எங்க போகுது? வளரிளம் பிள்ளைங்க மனசு பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், மெசேஜ் எல்லாத்தையும் படிச்சு பார்த்தா பெரும்பாலும் 11 வயசுலருந்து 15 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க பத்தித்தான் இருக்கு. படிப்புல கவனம் இல்ல, சொன்ன பேச்சு கேக்கிறதில்ல, சும்மா சும்மா எரிஞ்சு விழுறான்னு எழுதியிருக்கீங்க. ஒரு பொண்ணு தன்னைப் பத்தி அவளே எழுதியிருக்கா, தயவு செஞ்சு அதையாவது எல்லா அப்பா அம்மாவும் படிங்க. கவனம் இல்லைங்கிறது காய்ச்சல் மாதிரி, அதுவே வியாதி இல்ல, உள்ள ஏதோ நடக்குதுன்னு காட்டுற அறிகுறி. கீழ நான் சொல்லியிருக்கிற பதில் எல்லாமே சுத்தி சுத்தி அங்கதான் வந்து நிக்கும்.

கேள்வி: எட்டாவது படிக்கிற என் பையன் ஹோம்வொர்க்குன்னு உக்காந்தா பத்து நிமிஷம் தாங்க மாட்டேங்கிறான், பென்சில் சீவுறேன் தண்ணி குடிக்கிறேன்னு எந்திரிச்சு போயிடுறான். ஆனா வீடியோ கேம்னா ரெண்டு மணி நேரம் அசையாம இருக்கான். ஏடிஹெச்டியா, அதாவது கவனக்குறைவும் அதிக துறுதுறுப்பும் இருக்கிற குறைபாடா இருக்குமோ பாருங்கன்னு மிஸ் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் அதெல்லாம் ஒண்ணுமில்ல, திமிரு, ரெண்டு போட்டா சரியாயிடும்ங்கிறார். யார் சொல்றது சரி மேடம்?

பதில்: அடி வேணாம்மா, அதை முதல்லயே சொல்லிடறேன். அடிக்கு பயந்து ஒரு நாள் ரெண்டு நாள் உக்காருவான், ஆனா மனசு புத்தகத்துல இருக்காது, அடுத்த அடி எப்ப விழும்ங்கிறதுல இருக்கும்.

கேம் விஷயம்தான் எல்லாரையும் குழப்புது. கேம்ல மட்டும் இவ்ளோ கவனம் இருக்கே அப்ப வேணும்னேதானே படிக்க மாட்டேங்கிறான்னு தோணும், நியாயம்தான். ஆனா கேம்ல ஒவ்வொரு செகண்டும் ஏதோ ஒண்ணு நடக்குது, ஒரு பாயின்ட் ஏறுது, சத்தம் வருது, தோத்தா உடனே திரும்ப ஆடலாம். கணக்கு நோட்டுல அப்படி எதுவும் கிடையாது, இன்னிக்கு போட்ட கணக்குக்கு மார்க் வர மூணு வாரம் ஆகும். ஏடிஹெச்டி இருக்கிற பிள்ளைங்களுக்கு கவனமே இல்லைன்னு அர்த்தம் இல்ல, அதை வேண்டிய இடத்துல வேண்டிய நேரத்துக்கு நிறுத்தி வைக்கிறதுதான் கஷ்டம். பிடிச்ச விஷயத்துல மூழ்கிட்டா கூப்பிட்டாகூட காதுல விழாது, பிடிக்காததுல அஞ்சு நிமிஷம் மலையா இருக்கும்.

அதுக்காக மிஸ் சொன்னதும் முடிவு பண்ணிடாதீங்க. டாக்டருங்க பயன்படுத்துற டிஎஸ்எம்-5ங்கிற கையேடு 2013ல வந்தது, அதுல கவனக்குறைவுக்கு 9 அறிகுறி, துறுதுறுப்பு அவசரத்துக்கு 9 அறிகுறி சொல்லியிருக்கு, இந்த வயசு பிள்ளைங்களுக்கு ரெண்டுல ஏதாவது ஒரு பக்கம் 6 ஆவது இருக்கணும். அது 6 மாசமாவது தொடர்ந்திருக்கணும், 12 வயசுக்கு முன்னாடியே அதோட அடையாளம் தெரிஞ்சிருக்கணும், வீட்டுல மட்டும் இல்லாம ஸ்கூல் மாதிரி இன்னொரு இடத்துலயும் இருக்கணும், அதனால அவனோட படிப்போ பழக்கமோ நிஜமாவே பாதிக்கப்படணும். உங்க பையன் ரெண்டாவது மூணாவதுலயே இப்படித்தானா, இல்ல இந்த வருஷம்தான் ஆரம்பிச்சுதா? அதை நீங்க எழுதல, ஆனா அதுதான் ரொம்ப முக்கியம். பழைய ரிப்போர்ட் கார்டை எடுத்து பாருங்க, "நல்ல பையன், ஆனா கவனம் போதாது"ன்னு ஒவ்வொரு வருஷமும் எழுதியிருந்தா அது ஒரு கதை, ஏழாவது வரைக்கும் ஒண்ணும் இல்லாம திடீர்னு வந்திருந்தா அது வேற கதை.

இன்னொண்ணு பாருங்க, அவனோட ஸ்கூல் பையை கவுத்து கொட்டுங்க, திட்டுறதுக்கு இல்ல, சும்மா பார்க்க. ஏடிஹெச்டி இருக்கிற நிறைய பிள்ளைங்க பைக்கு அடியில எழுதி முடிச்ச ஹோம்வொர்க் கசங்கி கிடக்கும். ராத்திரி உக்காந்து அழுது எழுதி முடிச்சிருப்பான், காலைல மிஸ் கேட்டப்ப எடுத்து நீட்ட தோணியிருக்காது, செய்யலன்னு டைரில சிவப்பு மை விழுந்திருக்கும். சோம்பேறி பையனா இருந்தா அதை எழுதியே இருக்க மாட்டான். அந்த ஒரு பேப்பரை உங்க வீட்டுக்காரர் கையில குடுங்க, நான் இங்க எவ்ளோ எழுதினாலும் அதுக்கு ஈடாகாது.

அவருக்கு இதையும் சொல்லுங்க. அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் 2007ல வெளியிட்ட ஒரு ஆய்வுல பிள்ளைங்களோட மூளையை வருஷக்கணக்கா ஸ்கேன் பண்ணி பார்த்தாங்க, மூளையோட மேல் அடுக்கு வளர்ந்து உச்ச தடிமனுக்கு வர்றது மத்த பிள்ளைங்களுக்கு சராசரியா ஏழரை வயசுலன்னா ஏடிஹெச்டி பிள்ளைங்களுக்கு பத்தரை வயசு ஆகுது. வளர்ச்சி போற வரிசை அதேதான், கொஞ்சம் லேட், அவ்ளோதான். குடும்பத்துல ஓடுற விஷயம்கூட இது, அதனால சின்ன வயசுல அவரே எப்படி இருந்தார்னு மாமியார்கிட்ட மெதுவா கேட்டு பாருங்க, குத்தம் சொல்ல இல்ல, டாக்டர் கண்டிப்பா கேப்பார்.

இன்னிக்கே செய்யக்கூடியதுன்னா, "ரூமுக்கு போ, பேக் எடு, சயின்ஸ் முடி, அப்புறம் குளி"ன்னு நாலு வேலையை ஒரே மூச்சுல சொல்லாதீங்க, ரெண்டாவதுலயே முதல் ஒண்ணு மறந்து போயிடும். ஒரு வேலை சொல்லுங்க, முடிச்சதும் அடுத்தது. 15 நிமிஷம் டைமர் வெச்சு படிப்பு, 5 நிமிஷம் எந்திரிச்சு நடக்கட்டும், அந்த நடையை நீங்களே குடுத்துட்டா பென்சில் சீவ போக வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்காது. முடிச்சது முடிச்ச உடனே ஒரு நல்ல வார்த்தை, ராத்திரி வரைக்கும் சேத்து வைக்காதீங்க.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. என் கிளாஸ்ல ஒரு பொண்ணு யாருக்கும் எந்த தொந்தரவும் கிடையாது, ஆனா ஜன்னலையே பார்த்துட்டு இருக்கா, ரெண்டு மூணு தடவை பேர் சொன்னாதான் திரும்புறா. போன வருஷம் நல்லா படிச்ச பொண்ணு. பேரன்ட்ஸ்கிட்ட என்னன்னு சொல்றது?

பதில்: டீச்சர், நீங்க கவனிச்சதே பெரிய விஷயம், ஏன்னா பெஞ்சு மேல ஏறி குதிக்கிற பையனை எல்லாரும் டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, அமைதியா உக்காந்துட்டு இருக்கிற பொண்ணு வருஷக்கணக்கா யார் கண்ணுலயும் படாம போயிடுவா. ஏடிஹெச்டில துறுதுறுப்பே இல்லாம கவனக்குறைவு மட்டும் இருக்கிற வகை உண்டு, பொண்ணுங்ககிட்ட அது அதிகமா தவறிப்போகுது.

ஆனா நீங்க போன வருஷம் நல்லா படிச்சான்னு எழுதியிருக்கீங்களே, அதைத்தான் நான் பிடிச்சுக்குவேன். திடீர்னு மாறின பிள்ளைகிட்ட முதல்ல தேட வேண்டியது ஏடிஹெச்டி இல்ல, என்ன நடந்துச்சுங்கிறது. வீட்டுல சண்டையா, யாராவது இறந்துட்டாங்களா, ஃப்ரெண்ட்ஸ் கூட்டமா சேர்ந்து ஒதுக்கிட்டாங்களா, யாராவது தப்பா நடந்துக்கறாங்களா, ராத்திரி தூங்குறாளா. போர்டு தெரியாம, பாடம் காதுல சரியா விழாம கவனத்தை விட்டுட்ட பிள்ளைங்களும் உண்டு, அதனால கண்ணு காது டெஸ்ட் கண்டிப்பா. ரத்தசோகை, தைராய்டு பிரச்சனைகூட இப்படி சோர்வா காட்டும்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது. ஆப்சென்ஸ் சீஷர்னு ஒரு வகை வலிப்பு இருக்கு, கை கால் எதுவும் இழுக்காது, விழவும் மாட்டாங்க. பேசிட்டோ எழுதிட்டோ இருக்கும்போதே சில செகண்ட் அப்படியே நின்னுடும், பார்வை வெறிச்சுப் போகும், சில நேரம் இமை படபடக்கும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி விட்ட இடத்துலருந்து தொடருவாங்க. பகல் கனவு காணுற பிள்ளை தோளை தொட்டா டக்குனு திரும்பும், இதுல தொட்டாலும் திரும்ப மாட்டா. அவ ஜன்னலை பார்க்கிறப்ப பக்கத்துல போய் மெதுவா தோளை தொட்டு பாருங்க, எழுதிட்டு இருக்கும்போதே பேனா நின்னு போச்சா, எழுத்து பாதில இழுத்துட்டு போயிருக்கான்னு நோட்டையும் பாருங்க. அப்படி இருந்தா பேரன்ட்ஸ்கிட்ட உடனே சொல்லி டாக்டர்கிட்ட அனுப்புங்க, மூளையோட மின் அலையை பதிவு பண்ற இஇஜி டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சுடும், மருந்துல நல்லா கட்டுப்படும்.

பேரன்ட்ஸ்கிட்ட வியாதி பேரெல்லாம் சொல்லாதீங்க, பார்த்ததை மட்டும் சொல்லுங்க, எந்த பீரியட்ல, எத்தனை தடவை, எப்ப ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி அவகிட்ட தனியா ஒரு தடவை பேசுங்க, கிளாஸ் முன்னாடி "எந்த லோகத்துல இருக்க"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அதுக்கப்புறம் எதையும் உங்ககிட்ட சொல்ல மாட்டா.

கேள்வி: ஆன்ட்டி எனக்கு 13 வயசு. ஒரே பேராவை பத்து தடவை படிச்சாலும் மண்டையில ஏற மாட்டேங்குது. முன்னாடி டிராயிங் பண்ணுவேன் இப்ப அதுவும் பிடிக்கல. எதுக்கெடுத்தாலும் கோவம் வருது அப்புறம் அழுகை வருது. அம்மாகிட்ட சொன்னா டிராமா பண்ணாதேங்கிறாங்க. சில நேரம் நான் இல்லாமலே போயிட்டா எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும்னு தோணுது. எனக்கு பைத்தியமா?

பதில்: இல்லடா கண்ணு, பைத்தியம் இல்ல. நீ இதை எழுதினதுக்கு முதல்ல உனக்கு நன்றி, எவ்ளோ கஷ்டப்பட்டு எழுதியிருப்பேன்னு எனக்கு தெரியும். இது பத்திரிகைல வர்ற வரைக்கும் காத்திருக்க கூடாதுன்னு உனக்கு அன்னிக்கே பதில் அனுப்பிட்டோம், உன்னை மாதிரியே இருக்கிற இன்னும் நிறைய பேர் படிக்கணும்னுதான் இங்கயும் எழுதுறேன்.

நீ சொல்ற எல்லாம் சேர்ந்து ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா அது டிப்ரஷனா இருக்கலாம். பெரியவங்களுக்கு சோகமா வர்றது உன் வயசுல கோவமா எரிச்சலா வரும், அதனாலதான் சுத்தி இருக்கிறவங்களுக்கு புரியாம போகுது. படிச்சது ஏறாததும் அதோட ஒரு பகுதிதான், நீ மக்கு ஆயிட்டேன்னு அர்த்தம் இல்ல, மனசு அவ்ளோ பாரம் தூக்கிட்டு இருக்கும்போது பேரா எப்படி ஏறும். டிராயிங் மேல ஆசை போனதும் அப்படித்தான், சரியானா திரும்ப வரும். இதுக்கு பேசி சரி பண்ற சிகிச்சை இருக்கு, தேவைப்பட்டா மருந்தும் இருக்கு, நிறைய பிள்ளைங்க நல்லா ஆகியிருக்காங்க.

இல்லாம போயிடலாம்னு தோணுதுன்னு சொன்ன பாரு, அதை இன்னிக்கே ஒரு பெரியவங்ககிட்ட சொல்லணும், நாளைக்கு இல்ல. எப்படி சொல்றதுன்னு தெரியலன்னா இதையே சொல்லு: "அம்மா, நான் டிராமா பண்ணல, செத்துடலாமான்னு எனக்கு தோணுது, பயமா இருக்கு, என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க." வாயால வரலன்னா பேப்பர்ல எழுதி கையில குடு. அம்மா கேக்கலன்னா அப்பா, சித்தி, பாட்டி, பிடிச்ச டீச்சர், ஸ்கூல் கவுன்சிலர், யாராவது ஒருத்தர் கேக்கிற வரைக்கும் சொல்லிட்டே இரு. அந்த நினைப்பு ரொம்ப அழுத்தமா வந்தா தனியா இருக்காதே, யார்கூடயாவது போய் உக்காரு, உங்க ஊரு அவசர உதவி நம்பருக்கு போன் பண்ண சொல்லு. நீ போயிட்டா யாருக்கும் நிம்மதி வராது கண்ணு, அது அந்த நோய் சொல்ற பொய்.

இதை படிக்கிற அம்மாக்களே அப்பாக்களே, சாகணும்னு தோணுதான்னு கேட்டா நாமளே அந்த எண்ணத்தை விதைச்சுடுவோமோன்னு பயப்படுறீங்க. அப்படி ஆகுறதில்ல, ஆராய்ச்சிகள் அதை தெளிவாவே காட்டியிருக்கு, நேரா கேக்கிறப்ப பிள்ளைக்கு அப்பாடான்னுதான் இருக்கும். கேளுங்க, கேட்டுட்டு உடனே அட்வைஸ் பண்ணாம அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு கேளுங்க. வீட்டுல இருக்கிற மாத்திரை, பூச்சி மருந்து, பிளேடு எல்லாத்தையும் பூட்டி வைங்க, அன்னிக்கு ராத்திரி பிள்ளையை தனியா படுக்க விடாதீங்க, தாமதிக்காம டாக்டர்கிட்ட போங்க. மார்க் குறைஞ்சதை இப்போதைக்கு விடுங்க.

கேள்வி: பேரனுக்கு 14 வயசு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் செல்போன், காலைல எழுப்ப முடியல, ஸ்கூல்ல தூங்கி வழியறானாம். போனை வாங்கி உடைச்சு போட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்றேன், மகன் கேக்க மாட்டேங்கிறான். இனிப்பு ஜாஸ்தி சாப்பிடறதும் ஒரு காரணமாம்மா?

பதில்: ஐயா, வணக்கம். நீங்க பாதி சரியா சொல்றீங்க. 13லருந்து 18 வயசு வரைக்கும் ராத்திரி 8லருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும், உங்க பேரன் தூங்குறது அதுல பாதிதான் இருக்கும் போல, அப்படி தூங்காத பிள்ளையை பார்த்தா ஏடிஹெச்டி இருக்கிற பிள்ளைக்கும் அவனுக்கும் வித்தியாசமே தெரியாது, மறதி, எரிச்சல், படபடப்பு எல்லாம் ஒண்ணுபோல இருக்கும்.

ஆனா இந்த வயசுல உடம்பே கொஞ்சம் மாறுதுங்க ஐயா, தூக்கத்தை வரவழைக்கிற மெலட்டோனின் பருவ வயசுல ஒண்ணு ரெண்டு மணி நேரம் லேட்டாதான் சுரக்குது, ஒன்பது மணிக்கு படுன்னா அவனால நிஜமாவே முடியாம இருக்கலாம். அந்த லேட்டை போன் இன்னும் இழுத்து விடுது. உடைக்க வேண்டாம், இப்ப அவனோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்காங்க, உடைச்சா உங்க மேல கோவம்தான் மிஞ்சும். வீட்டுல எல்லாரோட போனும், உங்களோடது மகனோடது உள்பட, ராத்திரி ஹால்ல ஒரே இடத்துல சார்ஜ் போடட்டும். பெரியவங்களும் வெச்சா அவனும் வெப்பான். எழுந்திரிக்கிற நேரம் லீவு நாள்லயும் ரொம்ப தள்ளிப்போகாம பாருங்க. அவன் எதுக்காக முழிச்சிருக்கான்னு ஒரு தடவை கேளுங்க ஐயா, சில பிள்ளைங்க போன் பார்க்கிறதால தூங்காம இல்ல, தூக்கம் வராம மனசு ஓடிட்டே இருக்கிறதால போனை எடுக்கிறாங்க. அப்பா அம்மாகிட்ட சொல்லாததை தாத்தாகிட்ட சொல்லுவாங்க.

இனிப்பு பல்லுக்கும் உடம்புக்கும் நல்லதில்ல, குறைக்கலாம். ஆனா இனிப்பால துறுதுறுப்போ கவனக்குறைவோ வராதுன்னு பல ஆய்வுகளை சேர்த்து பார்த்து 1995லயே சொல்லிட்டாங்க.

கேள்வி: என் மகனுக்கு ஏடிஹெச்டின்னு உறுதி பண்ணி டாக்டர் மாத்திரை எழுதியிருக்கார். அடிமையாகிடுவானோ, மந்தமாகிடுவானோன்னு வாங்காமலே வெச்சிருக்கேன். தப்பா?

பதில்: பயம் இயல்புதான் சார், ஆனா வாங்காம வெச்சுட்டு டாக்டர்கிட்ட சொல்லாம இருக்காதீங்க, போய் இதே கேள்வியை அவர்கிட்ட கேளுங்க. இதுக்கு அதிகமா குடுக்கிறது மெத்தில்ஃபெனிடேட், 1950கள்லருந்து புழக்கத்துல இருக்கிற மருந்து, புதுசு இல்ல. டாக்டர் சொன்ன அளவுல சாப்பிடுற பிள்ளைங்க பொதுவா அதுக்கு அடிமையாகுறதில்ல. ஆனா அந்த மாத்திரை தவறா பயன்படக்கூடியதுதான், அதனால உங்க கையிலதான் இருக்கணும், பையன் ஃப்ரெண்டுக்கு ஒண்ணு குடுத்தேன்ங்கிற கதையே வரக்கூடாது.

பசி குறையும், சிலருக்கு தூக்கம் தள்ளிப்போகும், தலைவலி வயித்துவலி வரலாம். அதனால உயரம், எடை, பிபி, நாடித்துடிப்பு அப்பப்ப பார்ப்பாங்க. பையனுக்கோ குடும்பத்துல யாருக்காவதோ இதய பிரச்சனை இருந்தா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. மந்தமா, பொம்மை மாதிரி இருக்கான்னா பெரும்பாலும் அளவு அதிகம், டாக்டர் குறைப்பார். அடோமாக்ஸிட்டின்னு வேற வகை மருந்தும் இருக்கு, அது வேலை செய்யவே சில வாரம் ஆகும், நாலு நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திடக் கூடாது.

மாத்திரை கவனத்தை கொஞ்ச நேரம் நிறுத்தி குடுக்கும், பையை எப்படி அடுக்குறது, கோவம் வந்தா என்ன பண்றதுங்கிறதை சொல்லிக்குடுக்காது. அதுக்கு நீங்களும் டீச்சரும் வேணும். ஸ்கூல்ல பேசி முன் பெஞ்சுல உக்கார வைக்க சொல்லுங்க, பரீட்சைல கூடுதல் நேரம் கிடைக்குமான்னு கேளுங்க, தினமும் ரெண்டே ரெண்டு விஷயம் மட்டும், ஹோம்வொர்க் நீட்டினானா, கையை தூக்கிட்டு பேசினானா, இதை ஒரு சின்ன கார்டுல டீச்சர் டிக் பண்ணி அனுப்பட்டும். வீட்டுல அந்த டிக்கை பார்த்து ஒரு பாராட்டு, ஒரு சின்ன சலுகை. டிக் விழாத நாள்ல திட்டு வேணாம்.

கேள்வி: ஆறாவது படிக்கிற பொண்ணு, ஸ்கூல் இருக்கிற நாள்ல மட்டும் காலைல வயித்துவலிங்கிறா. லீவு நாள்ல வலியே இல்ல. நடிக்கிறாளா?

பதில்: நடிப்பு இல்லம்மா, வலி நிஜம், பயம் வயித்துல போய் உக்காந்துக்கும். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டி வயித்துல ஒண்ணும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க. அப்புறம் ஸ்கூல் நாளை மணி மணியா அவகூட உக்காந்து பேசுங்க, பஸ்ல யார் பக்கத்துல, எந்த பீரியட் வரப்போகுதுன்னா வலிக்குது, பாத்ரூம் எப்படி இருக்கு, லஞ்ச் யார்கூட. பதில் பாதி நேரம் நாம நினைக்காத இடத்துல இருக்கும், பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல, சத்தமா படிக்க சொல்ற ஒரு பீரியட், இப்படி ஏதாவது. சத்தமா படிக்கத்தான் பயம்னா அவளுக்கு எழுத்துக்கூட்டி படிக்கிறதுலயே சிரமம் இருக்கான்னும் பார்க்கணும், கற்றல் குறைபாடு இப்படி வயித்துவலியா வெளிய வர்றது உண்டு.

காரணத்தை சரி பண்ணணும், ஆனா அதுவரைக்கும் வீட்டுலயே வெச்சுக்காதீங்க. வீட்டுல இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு நிம்மதியா இருக்கும், மறுநாள் பயம் ரெண்டு மடங்காகும். முழு நாள் முடியலன்னா ஸ்கூல்ல பேசி ரெண்டு பீரியட், அடுத்த வாரம் மதியம் வரைக்கும்னு கூட்டிக்கிட்டே போங்க. கேட்டுல பிடிச்ச மிஸ் ஒருத்தர் நின்னு கையை பிடிச்சு கூட்டிட்டு போனா பாதி பயம் போயிடும்.

கேள்வி: யார்கிட்ட போகணும், என்னத்தை எடுத்துட்டு போகணும்னு ஒரு வரில சொல்லுங்க.

பதில்: ஒரு வரில முடியாதுங்க. முதல்ல குழந்தைகள் நல மருத்துவர், அவர் தேவைப்பட்டா குழந்தைகள் மனநல மருத்துவர்கிட்டயோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்டயோ அனுப்புவார். ஏடிஹெச்டிய ரத்த டெஸ்ட்லயோ ஸ்கேன்லயோ கண்டுபிடிக்க முடியாது, வீட்டுலயும் ஸ்கூல்லயும் எப்படி இருக்கான்னு கேட்டு, கேள்வித்தாள் குடுத்து, பிள்ளைகிட்ட பேசித்தான் முடிவு பண்ணுவாங்க, அதனால ஒரே அஞ்சு நிமிஷத்துல பேர் வெச்சு அனுப்பினா இன்னொரு டாக்டரையும் பாருங்க. சின்ன கிளாஸ்லருந்து ரிப்போர்ட் கார்டு, ரெண்டு மூணு நோட்டு, டீச்சர் எழுதி குடுத்த குறிப்பு, தூங்குற எழுந்திரிக்கிற நேரம் ஒரு வாரத்துக்கு எழுதினது, இதெல்லாம் கையில இருக்கட்டும். எங்க போறோம்னு பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லுங்க, ஊசின்னோ ஷாப்பிங்னோ பொய் சொல்லி கூட்டிட்டு போகாதீங்க. டாக்டர் முன்னாடி அவன் தப்பையெல்லாம் அடுக்காதீங்க, அதை எழுதி குடுத்துட்டு, கொஞ்ச நேரம் அவனை டாக்டர்கூட தனியா விட்டுட்டு வெளிய வந்து உக்காருங்க.